கோப்பு எங்கே தூங்குகிறது?

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். புதிய வீடுகளுக்கான மண்டல விதிகளையும் (எந்தப் பகுதியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று சொல்பவை) கட்டிட அனுமதியையும் எளிமையாக்க எங்கள் நகராட்சி ஒரு குழு அமைத்திருக்கிறது. குடிமக்கள் தரப்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை இரண்டு கூட்டங்கள் நடந்தன. கட்டுமானக்காரர்கள் 'விதியைத் தளர்த்துங்கள்' என்கிறார்கள். அலுவலர்கள் 'ஆள் போதவில்லை, மென்பொருள் கொடுங்கள்' என்கிறார்கள். எங்கள் சங்கத்தாரோ 'வேகம் வேகம் என்று சொல்லி நாளைக்குக் கட்டிடம் சரிந்தால் யார் பொறுப்பு?' என்று கேட்கிறார்கள். மூன்று பேர் சொல்வதும் சரி மாதிரியே படுகிறது. நான் பள்ளி ஆசிரியை. இந்தத் துறை எனக்குப் புதிது. குழுவில் நான் எதைக் கேட்க வேண்டும்? எதற்குத் தலையாட்டக் கூடாது?

பதில்:

அம்மா, வணக்கம்.

மூன்று தரப்பும் சரி மாதிரி படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ரொம்ப வருடம் அப்படித்தான் பட்டது. ஒரு நகராட்சியின் திட்டப் பிரிவில் வரைபடங்களைக் கூராய்வு செய்யும் மேசையில் இருந்தவன் நான். இப்போது வெளியே வந்து, அதே மாதிரி மேசைகளுக்கு வரைபடம் கொடுக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவன் என்பது தவிர வேறு தகுதி எனக்கில்லை.

நான் பார்த்த ஒரு கோப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி, ஆறு வீடு. விண்ணப்பத்தில் இருந்த தேதிக்கும் அனுமதிக் கடிதத்தில் இருந்த தேதிக்கும் நடுவில் 11 மாதம். அதில் நான் உண்மையாக வேலை பார்த்தது எவ்வளவு என்று பிற்பாடு கணக்குப் போட்டேன். இடத்தைப் போய்ப் பார்க்க ஒரு முற்பகல், ஸ்கேலை வைத்து வரைபடத்தைச் சரிபார்க்க ஒன்றரை நாள். அவ்வளவுதான். மிச்ச மாதங்களில் அந்தக் கோப்பு என்ன செய்தது?

நான்கு முறை விண்ணப்பதாரருக்குத் திரும்பிப் போனது. முதல் கடிதத்தில் 'பக்கவாட்டுத் திறவிடத்தின் அளவு குறிக்கப்படவில்லை' என்று எழுதினேன். (திறவிடம் என்றால் கட்டிடத்துக்கும் மனையின் எல்லைக்கும் நடுவில் விட வேண்டிய காலியிடம்.) அவர் குறித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது கடிதத்தில் 'மழைநீர் வடிகாலின் சரிவு காட்டப்படவில்லை'. அதையும் காட்டினார். மூன்றாவதில் படிக்கட்டின் அகலம். நான்காவதில் ஒரு கையெழுத்து. நான்கையும் முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? முதல் குறை கண்ணில் பட்டதும் கோப்பைத் திருப்பி அனுப்பினால் என் மேசைக் கணக்கில் அது 'முடிந்த' கோப்பு. மீதி வரைபடத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் என்னை இப்படிச் செய் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

இதெல்லாம் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வினையே. விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: கட்டிடம் 'சுற்றுப்புறத்தின் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும்'. தன்மை என்றால் என்ன? உயரமா, நிறமா, கூரையின் சாய்வா, குடியிருப்பவர்களின் எண்ணிக்கையா? புத்தகம் சொல்லவில்லை. 'ஒத்திருப்பதாகக் கருதலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். மேலதிகாரி அதன் ஓரத்தில் 'கருதலாமா?' என்று ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தக் கேள்விக்குறியைச் சுற்றி நாலு மாதம் போனது. அவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. 'ஆம்' என்று எழுதி நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் கூண்டில் நிற்பது அவர்தான். 'யோசிக்கலாம்' என்று எழுதினால் அவருக்கு எந்தச் சேதமும் இல்லை. நானாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குறியைத்தான் போட்டிருப்பேன்.

உங்கள் குழுவில் இதுவரை யாரும் பேசாத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். விதி எழுதுகிறவர்கள் முடிவு செய்யாமல் விட்டுப்போன ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு கோப்பிலும் புதிதாக முளைக்கிறது. அதை அங்கே ஒரு குமாஸ்தாவும் ஒரு மேலதிகாரியும் பயந்து பயந்து தீர்க்கிறார்கள். ஆளைக் கூட்டினால் அந்தப் பயம் குறையாது. மென்பொருள் வந்தால் பயம் திரையில் தெரியும், அவ்வளவுதான். இடைத்தரகர்கள் பிழைப்பதும் இந்த இடத்தில்தான். 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் சமமாக எழுத முடிகிற வரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒரு ஆள் வந்து நின்று 'நான் பேசி முடிக்கிறேன்' என்பார். திறவிடம் மூன்று மீட்டர் என்று இருந்தால் அவருக்குப் பேச ஒன்றுமில்லை. அளவுகோல் பேசிவிடும்.

ஆகவே எந்தச் சீர்திருத்தத்துக்கும் தலையாட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். கடந்த வருடம் முடிந்த கோப்புகளில் சும்மா கையை விட்டு எடுத்த 40 கோப்புகளின் தேதிகள் வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் யார் மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் கிளம்பியது என்பது மட்டும் போதும். காத்திருந்த நாட்களை மூன்றாகப் பிரியுங்கள்: விண்ணப்பதாரர் கையில் இருந்தவை, வரிசையில் நின்றவை, யாராவது 'கருதலாமா?' என்று யோசித்தவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உலக வங்கி 'தொழில் செய்வது எவ்வளவு எளிது' என்று நாடுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் கட்டிட அனுமதிக்கு எத்தனை படிகள், எத்தனை நாட்கள் என்று எண்ணிச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிக் கட்டிடம் வீடே அல்ல, ஒரு கிடங்கு! தரவுகளில் முறைகேடு என்று சொல்லி 2021-இல் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள். தரவரிசையை நம்பி எத்தனையோ ஊர்கள் படிகளைக் குறைத்ததாகக் காட்டின. ஆறு படியை ஒரே படிவத்தில் ஒட்டினாலும் அது படிக் குறைப்புதான். உங்களுக்கு வேண்டியது உங்கள் ஊர்க் கோப்புகளின் தேதி.

ஆள் போதவில்லை என்று அலுவலர்கள் சொல்வதை அதற்காகப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். வரிசைக் கணக்கு ஒன்று உண்டு. வரவும் வேலை நேரமும் முன்கூட்டித் தெரியாத ஒரு மேசை பாதி நேரம் மட்டும் வேலையில் இருந்தால், வருகிற கோப்பு தன் முறைக்காகச் சராசரியாக ஒரு கோப்பின் வேலை நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் வேலையில் இருந்தால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. எப்போதும் மும்முரமாக இருக்கும் அலுவலகத்தில் வரிசை நீளுவது சோம்பலால் அல்ல. இதற்கு மலிவான வழி, சின்னக் கோப்புகளைத் தனி வரிசையில் விடுவது. இருக்கிற வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டுகிறவர், 200 வீட்டுக் கோப்புக்குப் பின்னால் நிற்க வேண்டிய நியாயமில்லை.

இப்போது விதிகளுக்கு வருகிறேன். உலகத்தில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள் என்று சொல்லலாம். இங்கிலாந்து 1947-இல் ஒரு சட்டம் போட்டது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், அதில் கட்டும் உரிமை அரசிடம். ஒவ்வொன்றுக்கும் வந்து கேள், தகுதியைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது அதன் சாரம். சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ஒவ்வொரு வீட்டுத் திட்டமும் ஒரு வழக்கு மாதிரி. ஜப்பானில் அப்படி இல்லை. நகரங்கள் முழுமைக்கும் நாடு தழுவிய மண்டல வகைகள்தான். 1992-இல் 12 ஆக்கினார்கள், பின்னால் ஒன்று சேர்ந்து 13. முழுக்கத் தொழிற்சாலைக்கென ஒதுக்கிய மண்டலம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வீடு கட்டலாம். தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு), உயரம், சாலையின் அகலம் எல்லாம் எண்ணாகவே இருக்கும். எண்ணுக்குள் வரைபடம் அடங்கினால் அலுவலகம் 'உறுதி' செய்கிறது. அங்கே அதற்குப் பெயரே 'கட்டிட உறுதிப்பாடு'தான். 'அனுமதி' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். சின்ன வேறுபாடு மாதிரி தெரியும். ஆனால் அனுமதிக்கிறவருக்கு மறுக்கவும் உரிமை உண்டு. உறுதி செய்கிறவருக்குச் சரிபார்க்க மட்டுமே உரிமை.

இங்கிலாந்தில் சிறிய திட்டத்துக்கு 8 வாரம், பெரியதற்கு 13 வாரம் என்று சட்டப்படி கெடு இருக்கிறது. கெடு வைத்தாலே வேகம் வந்துவிடும் என்று யாராவது உங்கள் குழுவில் சொன்னால், அங்கே வழக்கமாகிப்போன 'கால நீட்டிப்பு ஒப்பந்தம்' பற்றிச் சொல்லுங்கள். அலுவலகம் விண்ணப்பதாரரிடம் இன்னும் கொஞ்ச நாள் தாருங்கள் என்று எழுதிக் கேட்கும். மறுத்தால் விண்ணப்பத்தையே நிராகரித்துவிடுவார்களோ என்று பயந்து அவர் ஒப்புக்கொள்வார். நீட்டித்த தேதிக்குள் முடிந்தால் அதுவும் 'கெடுவுக்குள்' என்று கணக்கில் ஏறும்.

பிரான்ஸ் கெடுவை வேறு மாதிரிக் கட்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். தனி வீட்டுக்கு 2 மாதம், மற்றவற்றுக்கு 3 மாதம் என்பது பொது விதி. ஏதாவது ஆவணம் குறைகிறது என்றால் முதல் மாதத்துக்குள்ளேயே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் கடிகாரம் நிற்காது. பட்டியலில் இல்லாத காகிதத்தைக் கேட்டாலும் நிற்காது என்று 2022-இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடு முடியும்வரை பதில் வரவில்லை என்றால், பொதுவாக அனுமதி கிடைத்ததாக அர்த்தம். அந்த மௌனத்துக்கு ஒரு சான்றிதழும் கேட்டு வாங்கலாம். நான் மேசையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், அந்த நான்கு கடிதங்களையும் ஒரே கடிதமாக எழுதியிருப்பேன். நல்லவனாகி எழுதியிருக்க மாட்டேன். வேறு வழியில்லாமல் எழுதியிருப்பேன்.

அந்தச் சான்றிதழ் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'இத்தனை நாளில் பதில் இல்லை என்றால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம்' என்று சட்டத்தில் எழுதிவிட்டுக் கையில் ஒரு காகிதமும் தராத ஊர்களில் அந்த உரிமையை யாரும் பயன்படுத்துவதில்லை. கடன் தருகிற வங்கிக்கு மௌனத்தை எப்படிக் காட்டுவது? கலிபோர்னியாவில், இருக்கிற வீட்டோடு ஒட்டியோ அதே மனையிலோ கட்டும் சிறு துணைவீடுகளுக்கு 2020 முதல் 60 நாள் கெடு. தாண்டினால் அனுமதித்ததாகவே கொள்ள வேண்டும். மறுத்தால் எல்லாக் குறைகளையும் ஒரே பட்டியலாகத் தர வேண்டும் என்றும் பின்னால் சேர்த்தார்கள். அந்த வகை வீடுகள் அங்கே பல மடங்கு பெருகின. ஆனால் பெருகியதற்குக் கெடு மட்டும் காரணமல்ல. துணைவீட்டுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டு என்ற விதியைப் பெரும்பாலான இடங்களில் எடுத்துவிட்டார்கள்.

வண்டி நிறுத்தம் என்றதும் ஒரு கணக்கு. ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். அது உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழி சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர். வீட்டுக்கு இரண்டு கார் இடம் கட்டாயம் என்று ஒரு வரி எழுதினால், 75 சதுர மீட்டர் வீட்டோடு 50 முதல் 60 சதுர மீட்டர் காரின் வீட்டையும் கட்டச் சொல்கிறோம். கார் இல்லாதவரும் அதற்கு வாடகை கொடுக்கிறார். அமெரிக்காவின் பஃபலோ நகரம் இந்தக் கட்டாயத்தை 2017-இல் நகரம் முழுக்க நீக்கியது. நிறுத்த இடம் கட்டக் கூடாது என்று அங்கே யாரும் தடுக்கவில்லை. எவ்வளவு வேண்டும் என்பதைக் கட்டுகிறவரே தீர்மானிக்கட்டும் என்றார்கள்.

இங்கே மண்டல விதிகளின் பிறப்பைப் பற்றியும் கொஞ்சம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டல விதி செல்லும் என்று 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலைப் புகையை வீட்டிலிருந்து பிரிப்பதற்கான தீர்ப்பு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பைப் படித்தால், தனி வீடுகள் இருக்கும் பகுதிக்குள் வரும் அடுக்குமாடியைப் பற்றி 'பல நேரங்களில் வெறும் ஒட்டுண்ணி' என்று எழுதியிருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த வார்த்தையை இன்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதன் கணக்கு விதிப் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. குறைந்தபட்ச மனை இவ்வளவு, ஒரு மனைக்கு ஒரே குடும்பம் என்ற வரிகளைப் புரட்டிப் பாருங்கள். பாதுகாப்புக்காக எழுதியதா, யாரை உள்ளே விடக் கூடாது என்று எழுதியதா என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். இரண்டாவது வகை உங்கள் ஊரிலும் இருக்கலாம்.

அனுமதிச் சாளரத்தை எவ்வளவுதான் வேகமாக்கினாலும், மனையில் ஒரே வீடுதான் கட்டலாம் என்ற விதி இருக்கும்வரை ஒரே வீடுதான் வேகமாக வரும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் முன்பைவிட அதிக வீடு கட்டலாம் என்றது. அந்த ஆண்டில் ஏறக்குறைய 10,000 வீடுகளுக்கு அனுமதி. 2022-இல் 21,000-ஐத் தாண்டியது. இடையில் கடன் வட்டியும் குறைந்திருந்தது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் கூடுதலாக வந்தவை பெரும்பாலும் ஒட்டுவீடுகளும் வரிசைவீடுகளும்தான், விதி மாறிய மனைகளில்தான். மண்டல விதியே இல்லாத நகரம் என்று பேர்பெற்ற அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் மனை அளவுக்கு விதி இருந்தது. 1998-இல் நகரின் உட்பகுதியில் அதை 5,000 சதுர அடியிலிருந்து நிபந்தனையோடு 1,400 சதுர அடி வரை இறக்கினார்கள். ஒரு பழைய வீடு இருந்த இடத்தில் மூன்று வீடு வந்தது. 2013-இல் நகரம் முழுக்க விரித்தார்கள்.

இனி உங்கள் சங்கத்தாரின் பயம். நியாயமான பயம். ஜப்பானைப் புகழ்ந்துவிட்டு அதன் தழும்பைக் காட்டாமல் போனால் அது யோக்கியமில்லை. கட்டிடங்களைச் சரிபார்க்கும் வேலையைத் தனியார் அமைப்புகளும் செய்யலாம் என்று 1998-இல் அங்கே சட்டம் திருத்தினார்கள். கோப்புகள் வேகமெடுத்தன. 2005 நவம்பரில் ஒரு குட்டு வெளிப்பட்டது. ஒரு கட்டிட வடிவமைப்பாளர் நிலநடுக்கக் கணக்கைப் பொய்யாகப் போட்டு, கம்பியைக் குறைத்து, அடுக்குமாடிகளும் விடுதிகளும் எழும்ப வழி செய்திருந்தார். தனியார் சரிபார்ப்பாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. சில கட்டிடங்களைச் சரிபார்த்த உள்ளாட்சி அலுவலகங்களும் கோட்டைவிட்டன. எனவே 'அரசு பார்த்தால் பாதுகாப்பு, தனியார் பார்த்தால் ஆபத்து' என்று நேர்கோடு போட முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் குழுவுக்கு முக்கியம். 2007 ஜூனில் சட்டத்தை இறுக்கினார்கள். பெரிய கட்டிடங்களுக்கு 21 நாள் என்றிருந்த கெடு 35 நாளாகி, சிக்கலானவற்றுக்கு 70 வரை நீளலாம் என்றானது. கட்டமைப்புக் கணக்கை இன்னொரு அமைப்பு தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். இது நல்ல மாற்றம். கூடவே, வரைபடத்தில் சின்னத் திருத்தம் வந்தாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற அளவுக்குப் போனார்கள். அந்தச் செப்டம்பரில் புதிதாகத் தொடங்கிய வீடுகளின் எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிட 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. கட்டிடங்களைப் பாதுகாத்தது இரண்டாவது கண். வீடுகளை நிறுத்தியது, திருத்தத்தைக் குற்றமாகப் பார்த்த விதி. 2010-இல் அந்தத் திருத்த விதியைத் தளர்த்த வேண்டி வந்தது. இரண்டாவது கண் இன்றும் இருக்கிறது.

லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயால் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் பதித்த, எரியும் தன்மையுள்ள பலகைகள் பல கைகளைக் கடந்து வந்தும் யாரும் அவற்றை நிறுத்தவில்லை. அந்த நாட்டில் ஒவ்வொரு திட்டத்தையும் ஒரு வழக்கு மாதிரி நடத்தி, கட்டிடம் சுற்றுப்புறத்துக்குப் பொருந்துகிறதா என்று மாதக்கணக்கில் விவாதிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மெதுவாகப் பார்ப்பதும் ஆழமாகப் பார்ப்பதும் ஒன்றல்ல என்று என் மேசை அனுபவத்திலேயே எனக்குத் தெரியும்: அந்த 11 மாதக் கோப்பில் தீயணைப்புப் படிக்கட்டைப் பற்றி நான் செலவிட்டது ஒரு இருபது நிமிடம். 'தன்மை'க்குப் போன நேரத்தில் பாதி அதற்குப் போயிருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் சங்கத்தில் இப்படிச் சொல்லுங்கள். அஸ்திவாரம், தூண், தீ, மின்சாரம், கழிவுநீர் இவற்றில் ஒரு வரியைக்கூடத் தளர்த்த நான் கையெழுத்துப் போட மாட்டேன். சரிபார்ப்பவரைக் கட்டுகிறவரே தேடிப் பிடித்துக் காசு கொடுக்கும் ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியார் நிபுணர்களைச் சேர்க்கலாம், தவறில்லை. யார் எந்தக் கோப்பைப் பார்ப்பது என்பதை அலுவலகம் குலுக்கலில் தீர்மானிக்கட்டும், முடிந்த கட்டிடங்களில் சிலவற்றை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கட்டும், நிபுணருக்குக் காப்பீடு கட்டாயமாக இருக்கட்டும். வேகம் வேண்டிய இடம் வேறு. எத்தனை வீடு, எவ்வளவு உயரம், எவ்வளவு திறவிடம் என்பதை ஒரே தடவை, ஊர் முழுக்க, எண்ணாக முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு கோப்பிலும் அதைப் பற்றிப் பேச ஒன்றும் மிச்சமிருக்காது.

அப்படியானால் அக்கம்பக்கத்தார் எப்போது பேசுவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. திட்டம் எழுதும்போது பேச வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023-இல் அப்படி மாற்றியது: ஊருக்கான பொதுத் திட்டம் எழுதும்போது எல்லாரையும் கூப்பிட்டுக் கேள், அந்தத் திட்டத்துக்கு ஒத்துவரும் வீட்டு மனுக்களுக்குத் தனித்தனியாகப் பொதுக் கூட்டம் போடாதே. ஒரு கோப்பின் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று பார்த்திருக்கிறேன். பகல் வேளையில் ஓய்வாக இருப்பவர்கள், பக்கத்து மனைக்காரர்கள். அந்த வீட்டில் நாளைக்குக் குடிவரப் போகிறவர் வரமாட்டார். அவர் யாரென்று அவருக்கே தெரியாது.

ஆனால் திட்டம் எழுதும்போதே அக்கம்பக்கத்தாருக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு வழியும் வைக்கவில்லை என்றால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2018-இல் தனி வீடு மட்டுமே என்ற விதியை ஊர் முழுக்க நீக்கத் தீர்மானித்தது. பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. சுற்றுச்சூழல் சட்டத்தின் பேரில் வழக்குப் போட்டார்கள்; 2022-இல் தடை வந்தது; 2024-இல் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகே முடிச்சு அவிழ்ந்தது. ஹூஸ்டன் இதைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டது. ஒரு தெருவில் போதுமான உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டால், அந்தத் தெருவுக்கு மட்டும் பழைய மனை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ரொம்பப் பயந்த தெருக்கள் ஒதுங்கிக்கொண்டன, மீதி நகரம் நகர்ந்தது. கொள்கைச் சுத்தம் பார்க்கிறவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

கட்டுமானக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கட்டுமானக்காரர் உண்மையில் மெதுவான அலுவலகத்துக்கு அவ்வளவு பெரிய எதிரி அல்ல. அவரிடம் வக்கீல் இருக்கிறார், அலுவலகத்துக்கு நடக்கவே தனி ஆள் இருக்கிறார், வட்டியைத் தாங்கும் தெம்பும் இருக்கிறது. 11 மாதத்தில் மூச்சு முட்டி ஓடிப்போவது, ஆறு வீடு கட்டுகிற சின்ன ஆள்தான். உங்கள் குழுவில் 'விதியைத் தளர்த்துங்கள்' என்று பேசுகிறவர்கள் எத்தனை வீடு கட்டுகிறவர்கள் என்று பாருங்கள். ஆறு வீட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை என்றால், அப்படி ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் 'தளர்த்துங்கள்' என்று சொல்ல மாட்டார். 'என்ன வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்' என்பார்.

மென்பொருளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விதிகள் எண்ணான பிறகு வாங்கினால் நல்லது. திறவிடத்தையும் தளப்பரப்பையும் இயந்திரமே அளந்துவிடும். அதற்கு முன் வாங்கினால், 'கருதலாமா?' என்பதற்கு ஒரு பொத்தான் வரும்.

அடுத்த கூட்டத்தில் மூன்றே மூன்றைக் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்று, 40 கோப்புகளின் தேதி. இரண்டு, விதிப் புத்தகத்தில் 'தன்மை', 'பொருத்தமான', 'போதுமான' என்று வருகிற வரிகளின் பட்டியல். நீங்கள் ஆசிரியை, சிவப்புப் பேனாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நீங்களே எடுத்துவிடலாம். மூன்று, குறைகளை ஒரே கடிதத்தில் ஒரே தடவை சொல்ல வேண்டும் என்ற உத்தரவு. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியிருக்காது, பெரும்பாலும் ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

தேதிப் பட்டியல் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம். தர முடியாது என்று சொன்னால், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.